மகனின் கேம் கம்ப்யூட்டரும் மூட்டுவலிப் பொடியும்

வழக்கமாகச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காய்ச்சல் என்று எழுதும் நான் இன்று விண்டோஸ் பற்றி எழுதப் போகிறேன். "டாக்டரம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். கடைசி வரை படித்துவிட்டு, இது மருத்துவப் பதிவா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதில் கேம் விளையாடும் ஒரு பிள்ளையும் இருந்தால் அவசியம் படியுங்கள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பத்து வயது. இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜி.பி. ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. நடுவில் ஒரு தடவை மகனின் தொல்லை தாங்காமல் 1050 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டோம். அவன் ப்ளஸ் ஒன். நண்பர்களோடு வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடுவது அதில்தான். இரவு அவன் படுத்த பிறகு நான் மெயில் பார்ப்பதும், பேங்க் வேலை பார்ப்பதும், கேஸ் குறிப்புகள் எழுதுவதும் அதே கம்ப்யூட்டரில்தான்.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"அம்மா, ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும்மா. எல்லாரும் உள்ள போய் ஆட ஆரம்பிச்சிடுறாங்க, நான் மட்டும் கடைசியா போறேன்."

இப்படி நான்கு தடவையாவது சொல்லியிருப்பான். நான்கு தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். "ப்ளஸ் டூ முடி. அப்புறம் புதுசு பார்க்கலாம்."

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. திரையில் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் எங்கள் பெட்டிக்குத் தகுதி இல்லை. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். எங்களுடையது நான்காம் தலைமுறை.

ஆறு நாளில் தீபாவளி. அன்று எனக்கு டூட்டி. பட்டாசுக் காயம் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால், பையன் வாசலிலேயே நிற்கிறான்.

"அம்மா, வா வா, ஒண்ணு காட்டுறேன்."

கம்ப்யூட்டரை ஆன் செய்தான். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது! முன்பு சும்மா இருக்கும்போதே 3 ஜி.பி. ரேம் தின்ற பெட்டி, இப்போது 1 ஜி.பி. சொச்சத்தில் நிற்கிறது. "லைட் எடிஷன்மா. தேவையில்லாததெல்லாம் தூக்கிட்டாங்க. கேமுக்குன்னே பண்ணது."

நான் என்ன செய்தேன்? "பரவாயில்லையேடா!" என்று முதுகில் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

யார் தூக்கினார்கள், எதைத் தூக்கினார்கள், எங்கிருந்து எடுத்தாய், எதுவும் கேட்கவில்லை. என்னிடம் வரும் நோயாளி இப்படி ஒரு மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

ஒன்பதாவது நாள். ராத்திரி இரண்டு மணிக்கு என் போனில் அறிவிப்பு. என் மெயிலுக்குள் தெரியாத ஊரிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் மகனின் கேம் கணக்கும் போய்விட்டது. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கணக்கு. அழுதுகொண்டே நிற்கிறான்.

"ஓ.டி.பி. வராம எப்படிடா உள்ள போனாங்க?" என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் கருவிகளைப் பராமரிக்க வரும் பயோமெடிக்கல் இன்ஜினியர் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். முதலில் அவர் சொன்னது, "மேடம், இப்பவே நெட் ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்க." பிறகுதான் விளக்கினார்.

நாம் பிரவுசரில் ஒரு தடவை லாகின் செய்தால், ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்காமல் இருக்க ஓர் அடையாளச் சீட்டு கம்ப்யூட்டரில் சேமிக்கப்படும். குக்கீ என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு மாதிரி. அந்தச் சீட்டைத் திருடிவிட்டால் போதும், பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று அந்தத் தளம் நம்பிவிடும். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் சீட்டுகளையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகவே தனியாகத் திருட்டு மென்பொருள்கள் உண்டு.

அது எப்படி வந்தது? பையன் வீடியோ பார்த்து, அதன் கீழே இருந்த லிங்கிலிருந்து, முகம் தெரியாத ஒருவர் வெட்டி ஒட்டிய விண்டோஸை இறக்கியிருக்கிறான். கூடவே "ஆக்டிவேட்டர்" என்று ஒரு சின்ன ஃபைல். அதை ஓட்டும் முன் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்வார்களாம். இதில் அதற்குக்கூட அவசியம் இருக்கவில்லை. அந்த லைட் பதிப்பில் டிஃபெண்டரே இல்லை. அப்டேட்டும் இல்லை. இரண்டையும் "தேவையில்லாதது" பட்டியலில் சேர்த்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

திருடன் அந்தப் பதிப்பிலேயே ஒளிந்திருந்தானா, ஆக்டிவேட்டரோடு வந்தானா என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் தடுக்க வேண்டிய வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பியது நாங்கள்தான்.

பேங்குக்குச் சொன்னோம். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம். எல்லாக் கணக்கிலும் "எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு" கொடுத்தோம். இது முக்கியம். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது, திருடுபோன சீட்டும் செல்லாமல் போக வேண்டும். பணம் ஏதும் போகவில்லை. போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்திருப்போம். நீங்களும் அந்த எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. என் போனில் எடுக்கும் படங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குத் தானாக வந்து சேரும். அதில் என் நோயாளி ஒருவரின் கால் புண் படங்கள் இருந்தன. வாரா வாரம் புண் ஆறுவதைப் பார்க்க எடுத்தவை. ஓரிரண்டில் அவர் முகமும் தெரியும்.

வயிற்றைப் பிசைந்தது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அறுபது வயதைத் தாண்டியவர். களை எடுக்கப் போகிறவர். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாத பொடியை இரண்டு வருடம் சாப்பிட்டிருக்கிறார். "மொத நாளே வலி பறந்துடுச்சு டாக்டரம்மா" என்றார். என்னிடம் வந்தபோது முகம் நிலா மாதிரி வீங்கியிருந்தது, தோல் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது, சர்க்கரை எகிறியிருந்தது, காலில் ஆறாத புண்.

மருத்துவர்களுக்கு இது பழகிய கதை. இப்படிப்பட்ட பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. சரியான நோய்க்கு, சரியான அளவில், மருத்துவர் பார்வையில் அது உயிர் காக்கும். ஆனால் தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் வலியை அடக்கும் அதே வேகத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். காவலைக் குறைத்துவிட்டு "பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு" என்று காட்டும்.

லைட் விண்டோஸும் அதேதான் செய்தது.

அன்று நான் அந்த அம்மாவைத் திட்டியிருந்தேன். "யார் என்ன குடுத்தாலும் வாங்கிச் சாப்பிட்டுடுவீங்களா? உள்ள என்ன இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?" என்று, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி.

இப்போது அவர் படம் என் வீட்டிலிருந்து போயிருக்கலாம் என்று நான் அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமலும் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பையன் செய்தது, நான் முதுகில் தட்டியது, படம் போயிருக்கலாம் என்பது, அந்தப் படத்தைப் பாதுகாக்காமல் வைத்தது என் தப்பு என்பது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் புண்ணைப் பாத்து எவன் என்ன பண்ணப் போறான் தாயி" என்றார். அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் விடவில்லை. "புள்ளைய ரொம்ப ஏசிட்டியா?"

"ஆமாம்மா."

"வலி தாங்கலேன்னுதான் நான் அந்தப் பொடியை வாங்குனேன். சும்மா ஒருத்தரு வாங்கித் திம்பாங்களா? அவனுக்கும் ஏதோ வலி இருந்திருக்கும்."

எனக்குப் பதில் வரவில்லை.

நான்கு தடவை என்னிடம் வந்து வலி என்று சொன்னவன் அவன். ஒரு தடவைகூட நான் பரிசோதித்துப் பார்க்கவில்லை. "ப்ளஸ் டூ முடி" என்று சீட்டெழுதி அனுப்பிவிட்டேன். டாக்டர் பார்க்காத நோயாளி வேறு எங்கே போவான்? யார் உடனே வலி போகும் என்கிறானோ அவனிடம்தான் போவான்.

அன்று வீட்டுக்குப் போய் மகனோடு உட்கார்ந்தேன். "சரி, இப்ப சொல்லு. எங்க வலிக்குது?" முதலில் முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான். இருவரும் சேர்ந்து பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கம்ப்யூட்டர் திணறும்போது அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க், ஜி.பி.யு. நான்கில் எது 100 சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் பெட்டியில் டிஸ்க். எப்போதும் 100. அதாவது விண்டோஸ் குண்டாக இருந்தது நோயல்ல, பத்து வயதுச் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் நோய். பக்கப் பலகையைக் கழற்றினால் ஃபேனில் கம்பளி மாதிரி தூசி. சூடு ஏறினால் சி.பி.யு. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

லைட் பதிப்பு இதில் என்ன செய்யும்? டிஸ்க்கைத் தொந்தரவு செய்யும் பின்னணி வேலைகளை நிறுத்திவிடும், அதனால் லேசாகத் தெரியும். ஆனால் ஆட்டம் ஆரம்பித்த பிறகு படம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டும் சி.பி.யு.வும்தான் தீர்மானிக்கும். ரேம் பற்றாக்குறை இருந்தால் ஒழிய, மிச்சமாகும் 2 ஜி.பி. பெரிதாக எதையும் மாற்றாது. மகனே ஒப்புக்கொண்டான். "ஆன் ஆகுறதுதாம்மா வேகம். கேம்ல அஞ்சாறு எஃப்.பி.எஸ்.தான் ஏறுச்சு."

அடுத்து, எங்கள் முன் இருந்த வழிகள்.

1. முகம் தெரியாதவர் வெட்டிய லைட் பதிப்பு. வேண்டவே வேண்டாம். இதில் இன்னொரு வகை உண்டு. டைனி11 பில்டர் மாதிரி, என்ன செய்கிறது என்று எவரும் படித்துப் பார்க்கக்கூடிய ஸ்கிரிப்ட்; மைக்ரோசாஃப்டின் அசல் ஃபைலை வைத்து நாமே வெட்டிக்கொள்வது. அந்நியர் ஃபைலைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்தவர்களுக்குத்தான். அப்டேட்டே போட முடியாத அளவுக்கு வெட்டும் வகையும் அதிலேயே இருக்கிறது. பரிசோதனைக்குச் சரி, தினசரி வீட்டுப் பயன்பாட்டுக்குச் சரியில்லை.

2. எல்.டி.எஸ்.சி. பதிப்பு. இது மைக்ரோசாஃப்டே தரும் மெலிந்த விண்டோஸ். ஸ்டோர் கிடையாது, புதுப்புது அலங்காரம் வராது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் வருடக்கணக்கில் வரும். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் கருவிகள் மாதிரி அடிக்கடி மாற்றக்கூடாதவற்றுக்காகவே உருவாக்கியது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விண்டோஸ் 10 எல்.டி.எஸ்.சி. 2021-க்கு 2027 ஜனவரி வரையும், அதன் ஐ.ஓ.டி. வகைக்கு 2032 ஜனவரி வரையும் அப்டேட் உண்டு. ஆசையாகத்தான் இருந்தது. இன்ஜினியர் தம்பி சிரித்தார். "மேடம், இது நிறுவனங்களுக்கும் கருவி தயாரிக்கிறவங்களுக்கும் தர்ற லைசென்ஸ். வீட்டுக்குன்னு கடையில விக்கிறது இல்ல. நெட்ல சல்லிசா விக்கிற கீ எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" மறுபடி பெயரில்லாத பொட்டலமா? வேண்டாம். தவிர, ஸ்டோர் வழியாக வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் விளையாடுபவர்களுக்கும் இது சிரமம்.

3. தகுதியில்லாத பெட்டியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11. போடலாம், ஓடும். ஆனால் விண்டோஸ் 11-இல் வேலரன்ட் விளையாட டி.பி.எம். 2.0-உம் செக்யூர் பூட்டும் கட்டாயம். பையன் எதற்காகக் கம்ப்யூட்டர் கேட்டானோ அதுவே ஓடாது.

4. லினக்ஸ். நிஜமாகவே லேசானது, இலவசமானது, நேர்மையானது. 2018-இல் ஸ்டீம் கொண்டுவந்த புரோட்டான் மூலம் விண்டோஸ் கேம்கள் ஏராளமாக இதில் ஓடுகின்றன. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 நேரடியாகவே ஓடும். கேமுக்கென்றே பஸைட் என்ற பதிப்பு இருக்கிறது, பழைய பெட்டிக்கு மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. இருக்கிறது. ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஓடாது. ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள்தான் காரணம். உங்கள் பிள்ளை அவற்றை விளையாடாவிட்டால் முதலில் இதைத்தான் யோசியுங்கள்.

5. அசல் விண்டோஸ் 10-ஐ சுத்தமாகத் திரும்பப் போட்டு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்வது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை வீட்டுப் பயனர்களுக்கு உண்டு. அமைப்புகளை அந்தக் கணக்கில் ஒத்திசைத்தால் பணம் கட்டாமலே சேரலாம்.

நாங்கள் எடுத்தது ஐந்தாவது.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். ஒற்றை ரேமுக்குப் பழைய சந்தையில் ஜோடி தேடி 16 ஜி.பி. ஆக்கினோம். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவினோம். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூல் எடுத்து விண்டோஸ் போட்டோம். அசல் லைசென்ஸ் ஏற்கனவே இருந்ததால் ஆக்டிவேட்டருக்கு வேலையே இல்லை. பிறகு தேவையில்லாத ஆப்களை நாங்களே ஒவ்வொன்றாக நீக்கினோம். ஸ்டார்ட்அப் பட்டியலில் தானாக ஓடும் பதினோரு புரோகிராம்களை அணைத்தோம். இதுதான் எங்கள் வீட்டு லைட் எடிஷன். டிஃபெண்டரையும் அப்டேட்டையும் தொடவில்லை.

இப்போது அரை நிமிடத்துக்குள் ஆன் ஆகிறது. அந்தத் திருட்டு லைட்டைவிட வேகம்.

மகனுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு. புதிதாக எதையாவது போட வேண்டுமென்றால் என் பாஸ்வேர்டு வேண்டும். "ஜெயில்மா இது" என்கிறான். சொல்லட்டும். ஆனால் அவன் கேட்டால் அன்றே உட்கார்ந்து பார்ப்பது என்று நானும் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். நோயாளிகள் சம்பந்தப்பட்ட எதுவும் இனி அந்தப் பெட்டிப் பக்கமே வராது. அதற்குத் தனிக் கருவி, அதில் கேம் கிடையாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அக்டோபருக்குப் பிறகு லினக்ஸா புதுப் பெட்டியா என்று அவனே ஆராய்ந்து சொல்ல வேண்டும். அது அவன் வீட்டுப்பாடம்.

"அப்டேட் எல்லாம் தொல்லை, நிறுத்திட்டா நிம்மதி" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தாக்குதலில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் முடங்கின. சுமார் 19,000 நோயாளிச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. தடுப்பூசி இருந்தது, போடவில்லை. ஒரு மருத்துவராக எனக்கு இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

இன்னொன்று, மருத்துவர் என்ற முறையில். நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ பெயரில்லாத வலிப் பொடி, மாத்திரை ஏதாவது நெடுநாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால், பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டும். அவர் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் திட்டுவதில்லை.

போன வாரம் அந்த அம்மா ரிவ்யூவுக்கு வந்தார். புண் நன்றாக ஆறி வருகிறது. சர்க்கரையும் பரவாயில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தேன். எழுந்தவர் கதவுக்குப் போய்த் திரும்பி நின்றார்.

"புள்ளையோட மிசினு சரியாயிடுச்சா தாயி?"

"ஆயிடுச்சும்மா."

"ம். நல்லா வெளையாடட்டும்."

உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று சொன்னால், இன்று ராத்திரி பத்து நிமிடம் அவனோடு உட்கார்ந்து அந்த டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.



உங்கள் பொதுநல மருத்துவர்